எங்கள் தெருவுக்குப் பெரிய கார்

என் கணவருக்கு வலது கண்ணில் இரத்தம் கசிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியோடு உள்ளே வந்தார். "கண்ணாடியில இன்னா இவ்ளோ கரி ஒட்டிக்கினு இருக்குது, துடைக்கத் துடைக்கப் போக மாட்டேங்குது" என்றார். நான் போய்ப் பார்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கரி அவர் கண்ணுக்குள் இருந்தது.

சர்க்கரை அவருக்குப் பல வருடத் துணை. இடது கண்ணில் ஏற்கெனவே லேசர் வைத்தாயிற்று, அதில் பார்வை மங்கல்தான். இப்போது நல்ல கண்ணும் போயிற்று. வேலூரில் கண் டாக்டர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, மாதம் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம், தானாகக் கரைய வாய்ப்பு இருக்கிறது என்றார். கண்ணுக்குள் ஊசி என்றதற்குக்கூட என் கணவர் முகம் மாறவில்லை. "வண்டி ஓட்டுறத மட்டும் இன்னியோட விட்டுடுங்க" என்று டாக்டர் சொன்னபோதுதான் அவர் கை என் கையைத் தேடியது.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், கருநீல நிறம், ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். என் கணவர் தோல் தொழிற்சாலையில் ஃபினிஷிங் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். அவருடைய முதலாளி, மேல்விஷாரத்துப் பாய், புது கார் வாங்கியபோது பழையதை இவருக்கே கொடுத்தார். "வெளியில குடுத்தா ரெண்டு வருஷத்துல நாசம் பண்ணிடுவாங்க, நீதான் தோல் மாதிரி பாத்துக்குவ" என்றாராம். இவரும் முதலில் இன்ஜினைப் பார்க்கவில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து, கட்டை விரலால் தோலை அழுத்தி, அந்தச் சுருக்கம் எப்படி விரிந்து மறைகிறது என்று பார்த்தார். அப்புறம்தான் சாவியை வாங்கினார்.

ஆம்பூரில் எங்கள் தெரு அந்தக் காருக்காகப் போட்ட தெரு இல்லை. நிறுத்தினால் மூக்கு எங்கள் வாசலிலும் வால் அடுத்த வீட்டு வாசலிலும் இருக்கும். அடுத்த வீட்டு அக்கா, வண்டி கிளம்பின பிறகுதான் கோலத்தை முடிப்பார். நான் ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர். ஸ்கூட்டியில் போய் ஸ்கூட்டியில் வருகிறவள். அந்தக் காரில் நான் எப்போதும் இடது பக்கம்தான் உட்கார்ந்தேன். ஐம்பது வயதுவரை ஸ்டீயரிங்கைத் தொட்டது தூசி தட்டும்போது மட்டும்.

டாக்டர் சொன்ன பிறகு கார் வாசலிலேயே நின்றது. அந்த மாதிரிக் கார்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். ஓட்டாமல் விட்டால் எங்கோ காற்று கசிந்து, முன்பக்கம் மெல்ல இறங்கிவிடும். காலையில் பார்த்தால் ஒரு பக்கம் மண்டியிட்ட மாதிரி இருக்கும். அவருக்கு அது சரியாகத் தெரியாது. ஆனால் கையால் தடவிப் பார்த்து, சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் விரல் நுழையவில்லை என்று கண்டுபிடித்துவிடுவார். அன்றைக்கு முழுக்க வாசலை விட்டு உள்ளே வர மாட்டார்.

மகள் பெங்களூரில் இருந்து போன் செய்தாள். "வித்துடுங்கம்மா. ஓட்ட ஆள் இல்லாம அத வெச்சினு இன்னா பண்ணப் போறீங்க? டாக்ஸில போய்ட்டு வாங்க" என்றாள். நியாயம்தான். டாக்ஸியில்தான் போனோம். ஊசி போட்ட முதல் மாதம், திரும்பி வரும்போது சின்ன காரின் பின் சீட்டில் அவருடைய நீளமான கால்கள் மடங்கி முழங்கால் மார்பைத் தொட்டது. வழியில் வந்த ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவர் கண்ணைப் பொத்திக்கொண்டு பல்லைக் கடித்தார். டிரைவர் பையன் நல்லவன்தான், மெதுவாகத்தான் ஓட்டினான். வண்டிக்கு அவ்வளவுதான் முடியும்.

வாலாஜாபேட்டையில் இருந்து ஒரு கார் புரோக்கர் வந்தார். வெள்ளைச் சட்டை, காதில் போன். வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, என் கணவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் வந்து நின்றார்.

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. இந்த வண்டிக்கு ஆளு கெடைக்கிறது கஷ்டம். நீளம் ஜாஸ்தி, எந்தச் சந்துலயும் திரும்பாது. அடி கம்மி, ஸ்பீட் பிரேக்கர்ல ஒரசும். டயரு பாருங்க, பக்கவாட்டுல ரப்பரே இல்ல, ஒரு பள்ளத்துல விட்டா வெடிச்சிடும். பெட்ரோலு குடிக்கும். காத்துப் பை போச்சின்னா சாமான் வெளிநாட்டுல இருந்து வரணும். அதுவரைக்கும் வண்டி பேஜாராதான் நிக்கும்."

என் கணவர் எல்லாவற்றையும் தலை குனிந்து கேட்டார். மறுக்கவில்லை. மறுக்க முடியாது, எல்லாம் உண்மை. கடைசியில் கேட்டார்: "ஓட்டிப் பாத்தீங்களா?"

"இந்த மாதிரி வண்டிங்க எத்தினியோ பாத்திருக்கேன் சார்."

"பாத்திருப்பீங்க. ஓட்டியிருக்கீங்களா?"

புரோக்கர் சிரித்தார்.

"நூறுல போவும்போது உள்ள பக்கத்துல பேசறவங்க மூச்சு கேக்கும். பிரேக்க மிதிச்சா பூமிய புடிச்சிக்கினு நிக்கும். ஓவர்டேக் பண்ணணும்னா வண்டிய கேக்கவே தேவையில்ல, கால லேசா வெச்சா போதும். ராத்திரி மழைல சென்னைல இருந்து வந்திருக்கேன், ஒரு தடவகூட ரோடு வழுக்குதுன்னு தோணல." அவர் புரோக்கர் பக்கம் முகத்தைத் திருப்பினார். "சரி. நீங்க சொல்றதும் கரெக்ட்தான். எவ்ளோக்கு வருமோ பாருங்க."

அவர் அப்படி விட்டுக்கொடுத்துப் பேசி நான் கேட்டதில்லை. தோலில் ஒரு நிறம் சரியில்லை என்றால் முதலாளியிடமே சண்டை போடுகிற மனுஷன். நான் சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றிருந்தேன். தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்: "விக்கலைங்க. நான் ஓட்டக் கத்துக்கிறேன்."

புரோக்கர் என்னைப் பார்த்தார். அப்புறம் காரின் நீளத்தைப் பார்த்தார். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"இன்னா நெனச்சிக்கினு சொல்ற?" என்றார் என் கணவர்.

"லைன்ல நாப்பது மெஷினு ஓட்டறேன். இது ஒண்ணுதான?"

அவர் ரொம்ப நாள் கழித்து அன்றுதான் சிரித்தார்.

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து எல்.எல்.ஆர். எடுத்தேன். வாத்தியார் என்னைவிட இளையவர், மெலிந்த ஆள், வாயில் எப்போதும் ஏலக்காய். பள்ளியின் சின்ன காரில் கிளட்ச், கியர் எல்லாம் பழகினேன். பயம் போக அதிக நாள் ஆகவில்லை. லைனில் வேலை செய்கிற பெண்கள் வண்டியைப் பார்த்தால் கை காட்டுவார்கள், நானும் ஹாரன் அடிப்பேன். கை படிந்ததும், "இனிமே என் வண்டில சொல்லிக் குடுங்க" என்றேன். அவர் எங்கள் வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு ஏலக்காயை மெல்வதை நிறுத்தினார்.

ஊருக்கு வெளியே மனை போட்டு, ரோடும் போட்டு, யாரும் வீடு கட்டாத இடம் ஒன்று இருந்தது. வாத்தியார் அங்கே வரை ஓட்டி வந்து எனக்கு இடம் மாறிக் கொடுத்தார். என் கணவர் இறங்கி ஒரு வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டார். அவருக்கு வண்டி ஒரு கருநீல மூட்டமாகத்தான் தெரியும். ஆனால் சத்தம் நன்றாகக் கேட்கும்.

இதில் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறிக்கொள்ளும். சின்ன காரில் ஆக்சிலேட்டரை எவ்வளவு அழுத்தினேனோ, பழக்கத்தில் அவ்வளவு அழுத்தினேன். வண்டி ஒரு கணம் மூச்சைப் பிடித்த மாதிரி இருந்தது. அடுத்த கணம் மனைக் கற்கள் எல்லாம் எங்களை நோக்கி ஓடி வந்தன. என் முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. பதறி, இடது கால், அங்கே இல்லாத கிளட்சைத் தேடி, அகலமான பிரேக்கைக் கண்டுபிடித்து முழு பலத்தோடு மிதித்தது. வண்டி நின்ற வேகத்தில் வாத்தியாரின் ஏலக்காய் முன் கண்ணாடியில் போய் ஒட்டியது. ஒரு மனைக் கல்லுக்கு முன்னால், அரை முழம் இடைவெளியில், நாங்கள் நின்றிருந்தோம்.

தூரத்தில் இருந்து என் கணவர் குரல் வந்தது. "ரெண்டும் நல்லா வேல செய்யுதுன்னு தெரிஞ்சிடுச்சி. இப்போ மெதுவா வா."

வாத்தியார் பெல்ட் அழுத்திய மார்பைத் தடவிக்கொண்டே, "மேடம், இடது கால மடிச்சி சீட்டுக்கு அடியில வெச்சிக்கோங்க. அது வண்டிக்கு வேணாம்" என்றார். அதற்குப் பிறகு பல நாள் நான் இடது செருப்பைக் கழற்றிவிட்டு, காலைப் பின்னால் மடக்கி வைத்தே ஓட்டினேன்.

அந்தக் காரின் பலம் எனக்கு முதலில் எதிரியாகத்தான் இருந்தது. சின்ன காரில் தப்பு செய்தால் வண்டி நின்றுபோகும். இதில் தப்பு செய்தால் வண்டி பறக்கும். கால் விரலால் மட்டும் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டும் என்று புரிய நாளானது. தையலில் புதுப் பெண்கள் வந்தால் மெஷின் பெடலை இப்படித்தான் ஏறி மிதிப்பார்கள், ஊசி தடதடவென்று ஓடித் தோல் வீணாகும். அவர்களிடம் நான் சொல்வதை எனக்கே சொல்லிக்கொண்டேன்: குதிகால் தரையில், விரல் மட்டும் மேலே. அது பிடிபட்ட நாளில் வண்டியும் மாறியது. தண்ணீர்மேல் தட்டு நகர்கிற மாதிரி நகர்ந்தது. மரத்தடியில் நின்ற என் கணவர், "இப்போ சத்தமே வரல, நகருறியா இல்லையா?" என்று கேட்டார்.

பலவீனங்களைப் புரோக்கர் சொன்ன வரிசையிலேயே கற்றுக்கொண்டேன். எங்கள் தெருமுனையில் இருந்த வேகத்தடையில் வயிறு கரகரவென்று உரசியது. அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் வண்டி எழுந்து நிற்கும் என்று என் கணவர் சொன்னார். ஆனால் எழுவதற்குச் சற்று நேரம் எடுக்கும், பின்னால் ஆட்டோக்காரர்கள் பொறுக்க மாட்டார்கள். தடை கண்ணில் படுவதற்கு முன்பே அழுத்தப் பழகினேன். ஒரு நாள் ரயில்வே கேட் பக்கம் பள்ளத்தில் விட்டு டயர் வெடித்தது. மெல்லிய டயர், அதை மாற்றுகிற கடை ஆம்பூரில் இல்லை. வேலூரில் இருந்து புது டயர் வரும்வரை ரோட்டோரம் நின்றேன். போகிற வருகிறவர்கள், "பெரிய வண்டிம்மா, இதுக்கெல்லாம் டிரைவர் வெச்சிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

லைசென்ஸ் டெஸ்ட் வந்தது. எச் என்ற ஆங்கில எழுத்தின் வடிவத்தில் கம்புகள் நட்டிருப்பார்கள். அதற்குள் முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால் போய், கம்பில் இடிக்காமல் வெளியே வர வேண்டும். "ஸ்கூல் வண்டில குடுத்துடுங்க மேடம்" என்றார் வாத்தியார். "எல்லாரும் அப்டித்தான். அந்த எச்சு சின்ன வண்டிக்குப் போட்டது."

என் கணவரும் அதையே சொன்னார். நான் கேட்கவில்லை. தினமும் ஓட்டப்போவது எதை என்று தெரிந்த பிறகு வேறு எதிலோ தேறி என்ன பிரயோஜனம் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் வீம்பும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

டெஸ்ட் மைதானத்துக்குள் கருநீல வண்டி நுழைந்ததும், ஸ்கூட்டரோடு எட்டு போட வந்திருந்த பையன்கள் எல்லாரும் திரும்பினார்கள். யாரோ அதிகாரி வருகிறார் என்று ஒருவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். பரிசோதகர் நடுத்தர வயதுக்காரர், நிதானமான மனுஷன். லைசென்ஸ் எடுக்க வந்தது நான்தான் என்று தெரிந்ததும், "இந்த வண்டிலயா?" என்று மட்டும் கேட்டார். பின்கேமரா திரையை ஒரு துணியால் மூடச் சொன்னார். "கண்ணாடிய பாத்து எடுங்க."

முன்னால் நன்றாகத்தான் போனேன். பின்னால் வரும்போது சின்ன காரில் எங்கே திருப்புவேனோ அங்கே திருப்பினேன். வால் இன்னும் வந்து சேரவில்லை. கம்பு சாய்ந்தது. பையன்கள் பக்கம் ஒரு சின்ன முணுமுணுப்பு. பரிசோதகர் ஜன்னலருகே குனிந்தார்.

"அடுத்த வாரம் வாங்கம்மா. சின்ன வண்டில வந்தீங்கன்னா ஈசியா இருக்கும்."

"இதுலயே வர்றேன் சார்."

"வாங்க" என்றார்.

அந்த வாரம் முழுக்க, வேலை முடிந்து வந்ததும் மனைப் பிரிவுக்குப் போனோம். கம்பெனியில் காலியான பசை டின்களில் மண் நிரப்பி, துடைப்பக் குச்சி நட்டு, எச் போட்டேன். வாத்தியார் சொல்லிக்கொடுத்ததில் எனக்குப் புரியாத ஒன்று அங்கேதான் புரிந்தது. நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என் தோளை வைத்து இடம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வண்டி என் தோளோடு முடியவில்லை, எனக்குப் பின்னால் இன்னும் ஒரு அறை அளவு இருக்கிறது. இடது கண்ணாடியைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பின் சக்கரம் குச்சியைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். கை திருப்பத் துடிக்கும், விடவில்லை. தாண்டியதும் முழுதாக ஒடித்தேன். வண்டி அப்படியே உள்ளே போய் உட்கார்ந்தது.

"குச்சி விழுந்துச்சா?" என்று மரத்தடியில் இருந்து கேட்டார்.

"இல்லங்க."

"இன்னொரு வாட்டி."

இருட்டும்வரை எடுத்தேன். அந்த வாரம் வீட்டில் சமையல் என்று ஒன்றும் இல்லை. தள்ளுவண்டி இட்லிதான்.

அடுத்த வாரம் மைதானத்தில் கூட்டம் போன வாரத்தைவிட ஜாஸ்தி. முன்னால், பின்னால், மறுபடி முன்னால். பின்னால் வந்தபோது வண்டிக்கும் கம்புக்கும் இடையில் ஒரு கை நுழையும் அளவுதான் இருந்தது. ஆனால் கம்பு அசையவில்லை. வெளியே வந்து நிறுத்தியதும் பரிசோதகர் என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டபடியே, "எத்தன வருஷமா ஓட்டுறீங்க?" என்று கேட்டார். பிறகு தான் கேட்டதை நினைத்துத் தானே சிரித்துவிட்டார். எட்டு போட வந்த பையன்களில் சிலர் கை தட்டினார்கள். என் கணவர் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்திருந்தார். கைதட்டல் கேட்டதும் எழுந்து நின்று, வண்டி எந்தப் பக்கம் என்று சரியாகத் தெரியாமல், சற்றுத் தள்ளி இருந்த ஒரு வேப்ப மரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார். நான் போய் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசிகளால் இரத்தம் முழுதாகக் கரையவில்லை. அதோடு உள்ளே விழித்திரையும் கழல ஆரம்பித்திருந்தது. சென்னைக்குப் போகச் சொன்னார்கள். போகும்போது வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து வர நானே ஓட்டினேன், அவர் பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டார். அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டரம்மா விளக்கினார். கழன்ற திரையை ஒட்டவைத்து, அது நகராமல் இருக்க உள்ளே வாயு நிரப்பியிருக்கிறோம், சில நாள் முகத்தைக் கவிழ்த்தே வைத்திருக்க வேண்டும், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அப்படித்தான், பயணத்திலும் அப்படித்தான். "ஆம்பூர் தூரமாச்சே, எப்டிப் போவீங்க?" என்று கேட்டார்.

"கார் இருக்குது டாக்டர்."

"கார்ல முன்னால குனிஞ்சி உக்கார இடம் இருக்காதும்மா."

"இந்தக் கார்ல இருக்கும்."

மருத்துவமனை வாசலில் முன் இடது சீட்டை முழுதாக முன்னால் தள்ளினேன். பின்னால் ஒரு சின்னக் கட்டில் போடுகிற அளவு இடம் வந்தது. அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, முன்னால் சூட்கேஸ், அதன்மேல் இரண்டு தலையணை அடுக்கினேன். அவ்வளவு உயரமான மனுஷன் காலை நீட்டி, குனிந்து, நெற்றியைத் தலையணையில் சாய்த்தார். இடிக்கவில்லை. வார்டு நர்ஸ் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எங்க பெட்டவிட நல்லா இருக்கு" என்றார்.

சென்னையில் இருந்து நான் தனியாக ஓட்டிய முதல் நெடுந்தூரம் அது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்வரை கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நெருக்கியடித்து வந்தோம். அவ்வளவு கனமான வண்டி, ரோட்டின் ஒட்டுகளையும் சின்னப் பள்ளங்களையும் தானே விழுங்கிக்கொண்டது. பின்னால் அவர் தலை அசைகிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். அசையவில்லை.

காஞ்சிபுரம் பிரிவு தாண்டிய பிறகு, இரண்டு லாரிகள் என் இரு பக்கமும் வந்தன. இடது பக்கத்து லாரி சிக்னல் எதுவும் போடாமல் என் வரிசைக்குள் சாய ஆரம்பித்தது. வலது பக்கம் ஒதுங்க இடமில்லை. பின்னால் ஒட்டிக்கொண்டு ஒரு பஸ், பிரேக் போட்டாலும் ஆபத்து. முன்னால் ரோடு காலியாக இருந்தது. குதிகால் தரையில், விரலை அழுத்தினேன். இன்ஜின் ஒரே ஒரு முறை தொண்டையைச் செருமியது. இரண்டு லாரிகளும் கண்ணாடியில் சின்னதாகிப் பின்னால் போயின. குலுக்கல் இல்லை, உறுமல் இல்லை. நான் காலை எடுத்தேன்.

தலையணைக்குள் இருந்து குரல் வந்தது. "எவ்ளோல போற?"

"எம்பதுதாங்க."

"இப்போ எம்பது. கொஞ்ச முன்னாடி நூத்தி முப்பது."

"லாரிக்காரன் உள்ள வந்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலியே." கொஞ்சம் பொறுத்து, "நான்கூட அவ்ளோ ஸ்மூத்தா எடுத்ததில்ல" என்றார்.

நான் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைக்காவிட்டால் ரோடு தெரியாமல் போயிருக்கும்.

ராணிப்பேட்டை பக்கம் பாலம் வேலை நடந்ததால் மண் ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். பொத்தானை முன்கூட்டியே அழுத்தி, வண்டியை எழுப்பி, நடந்து போகிற வேகத்தில் எடுத்தேன். பின்னால் நின்றவர்கள் ஹாரனை விடவே இல்லை. அடிக்கட்டும் என்று விட்டேன். ஓரிடத்தில் அடிவயிறு உரசியது. "அது ஒண்ணும் இல்ல, அடித் தகடுதான், போ" என்றது தலையணை. பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் மூச்சு வந்தது. எங்கள் தெருவில் நுழைந்தபோது அடுத்த வீட்டு அக்கா தன் வண்டியையும் பூந்தொட்டிகளையும் நகர்த்தி, இரண்டு வாசலுக்கும் இடம் விட்டு வைத்திருந்தார். "மொதல்ல அண்ணன எறக்கு, வண்டி எங்க நின்னா இன்னா" என்றார்.

ஒரு வாரத்துக்கும் மேல் அவர் கவிழ்ந்தே கிடந்தார். நான் லீவு போட்டு, அவர் முகத்துக்குக் கீழே தட்டை வைத்து ஊட்டினேன். பிறகு வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. கண்ணில் தண்ணீர் மட்டம் இறங்குகிற மாதிரி, மேலே தெளிவும் கீழே ஆடுகிற கோடுமாகத் தெரிகிறது என்றார். கோடு தினமும் இறங்கியது. ஒரு நாள் காலை, நாற்காலியில் உட்கார்ந்தபடி, "முன்பக்க பம்பர்ல வலது பக்கம் ஒரு கோடு இருக்குது. அது எப்போ ஆச்சி?" என்று கேட்டார். நான் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த கோடு அது. மாட்டிக்கொண்ட வருத்தமே இல்லை. உள்ளே ஓடி மகளுக்குப் போன் போட்டேன். "அப்பாவுக்குத் தெரியுது" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

பழையபடி முழுப் பார்வை இல்லை. படிக்கிறார், டி.வி. பார்க்கிறார், தெருவில் தனியாக நடக்கிறார். வண்டி ஓட்ட அது போதாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவர் பெரிதாக வருத்தப்படவில்லை. இடது சீட்டில் உட்கார்ந்து, காற்றுக் கசிகிற இடத்தைக் காதாலேயே தேடிக் கண்டுபிடித்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரிசெய்தார். சாமான் வர மாதக்கணக்கில் ஆனது, புரோக்கர் சொன்னது அதிலும் சரிதான். வந்து மாட்டிய பிறகு வண்டி காலையில் நிமிர்ந்தே நிற்கிறது.

சனிக்கிழமைகளில் அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போகிறேன். வேலை முடிந்ததும் லைன் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். பின் சீட்டில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்துகொண்டு, சீட்டைத் தடவி, தையல் எவ்வளவு நெருக்கம் என்று நகத்தால் எண்ணிப் பார்ப்பார்கள். பெட்ரோல் போடும்போது மட்டும் மனசு கொஞ்சம் சுருங்கும். அது அந்த வண்டியின் குணம், அதற்கு மருந்து கிடையாது.

போன மாதம் மகள் வந்திருந்தாள். மூன்று பேருமாக ஏலகிரி ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வண்டி இன்னொரு காருக்கு வேண்டிய இடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. பாதி மலையில், வளைவுக்கு நடுவில், மேலே இருந்து ஒரு பஸ் வந்து மூக்கோடு மூக்கு நின்றது. பஸ் டிரைவர் கையை விரித்தார். என் பின்னால் பள்ளம், ஒரு தடுப்புச் சுவர் மட்டும்தான்.

மகள் பின் சீட்டில் இருந்து, "அம்மா, எறங்கி யாரையாவது பின்னாடி பாக்கச் சொல்லட்டா?" என்றாள்.

"உக்காரு" என்றார் அவள் அப்பா.

இடது கண்ணாடியைச் சாய்த்தேன். பின் சக்கரம் சுவரின் முனையைத் தாண்டும்வரை பார்த்தேன். ஒடித்தேன். வண்டி பின்வாங்கி ஓரத்தில் ஒதுங்கி நின்றது. பஸ் இறங்கிப் போகும்போது டிரைவர் நெற்றியில் கை வைத்து ஒரு சலாம் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மலை முழுக்க என் மகள் ஒரு யோசனையும் சொல்லவில்லை. இன்ஜின் ஏற்றத்தை ஏற்றமாகவே நினைக்கவில்லை. என் கணவர் ஜன்னலை இறக்கி, மரங்களையும் கீழே தெரிந்த ஊரையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மேலே போய் நிறுத்தியதும் மகள் கை நீட்டினாள். "எறங்கும்போது நான் ஓட்டறேன்மா."

"லைசென்ஸ் இருக்குதா?"

"ஸ்கூட்டிக்கு இருக்குது."

அவளுக்குச் சூடான வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். இறங்கும்போதும் நான்தான் ஓட்டினேன்.